தெப்பத்தில் குடித்தனம்

என் வீட்டுக்காரர் என்னை விட்டுவிட்டுப் போனது இன்னொருத்திக்காக இல்லை. ஒரு பூனைக்காக. போன இடமும் காசி இல்லை, மெட்ராஸ் இல்லை. எங்கள் தெருமுனையில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற ஐயங்குளம். அங்கே தண்ணீரில் கட்டிப் போட்டிருந்த தெப்பத்தில் ஏறிக் குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிட்டார்.

அவர் பெயர் அருணகிரி. புருஷன் பெயரைச் சொல்கிறாளே என்று யாரும் வாயில் கை வைக்க வேண்டாம். பூனைக்காகப் போனவர் பெயரைச் சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது.

வருஷம் முழுக்க அவருக்குப் பந்தல் வேலை. கார்த்திகை நெருங்கினால் தெப்ப வேலை. தீபத்துக்கு மறுநாள் தொடங்கி மூன்று நாள் சாமி ஐயங்குளத்தில் தெப்பம் சுற்றும் இல்லையா, அந்தத் தெப்பத்தைக் கட்டுவது அவர் குடும்பம். காலி தார் டிரம்களை வரிசையாகப் போட்டு, மேலே மூங்கில் பரப்பி, பலகை அடித்து, நடுவில் மண்டபம் எழுப்ப வேண்டும். சாமி ஏறியதும் முன்னால் நின்று நீளக் கழியை ஊன்றித் தள்ளுகிற உரிமையும் அவருக்குத்தான். அதற்கு முன்கழி என்று பெயர். அவர் அப்பா பிடித்த கழி அது. முன்கழியில் நிற்கிற நாளில் மனுஷர் இரண்டு அங்குலம் உயரமாகத் தெரிவார்.

டிரம்களைக் கொடுப்பவர் குலாம் ரசூல். குளத்தை ஒட்டினாற்போல் அவர் குடோன். என்னை அண்ணி என்பார், இவரை அண்ணே என்பார், இரண்டு பேரையும் வம்புக்கு இழுப்பார். எழுபத்தேழாம் வருஷம் ஐப்பசியிலேயே மழை கொட்டித் தீர்த்துவிட்டது. அந்த மழையில் குலாம் ரசூல் அனுப்பிய டிரம் வண்டியில் ஒரு பூனையும் வந்து இறங்கியது. சாம்பல் நிறம், பாதி வால். நேராக எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, கூடத்தைப் பார்த்து, சமையல்கட்டைப் பார்த்து, கொல்லைப்புறத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தது.

“கலெக்டர் கேம்ப் வந்திருக்காரு அண்ணி” என்றார் குலாம் ரசூல். அன்றிலிருந்து அதற்குக் கலெக்டர் என்றே பெயராகிவிட்டது.

எனக்குப் பூனை ஆகாது. முடி கொட்டும், அடுப்படியில் ஏறும், நாம் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து கணக்குக் கேட்கிற மாதிரி பார்க்கும். இவருக்கோ அதைக் கண்டால் உருகும். வாயில் வைத்த சோற்றை எடுத்துக் கொடுப்பார். எனக்கு ஒரு முழம் பூ வாங்கி வர மறந்தாலும் அதற்குக் கருவாட்டுத் தலை வாங்கி வர மறக்க மாட்டார்.

கார்த்திகை சோமவாரம் அன்று பாயசத்துக்கு என்று பாலைக் காய்ச்சி ஆற வைத்திருந்தேன். கொல்லைக்குப் போய்த் திரும்பினால், கலெக்டர் தலை முழுக்கப் பாத்திரத்துக்குள் இருந்தது. கையில் அகப்பட்ட கரண்டியை வீசினேன். பூனை தப்பித்துவிட்டது. சுவரில் மாட்டியிருந்த ரசம் போன கண்ணாடி நொறுங்கியது. சத்தம் கேட்டு இவர் ஓடி வந்தார்.

“வாயில்லாத ஜீவன்மா” என்றார்.

“வாயில்லாமத்தான் ஒரு சேர் பாலைக் குடிச்சுதா?”

“நம்ம வூட்டுப் பூனை, பசிக்கு எங்க போவும்?”

“யாரு வூட்டுப் பூனை? இது நம்ம வூட்டுப் பூனை இல்ல, ஊர்ப் பூனை. இது இருக்கிற வூட்ல நான் இருக்க மாட்டேன். அதான் பெருசுன்னா நீங்களும் அதுகூடவே போய்க்குங்க.”

கோபத்தில் சொல்கிற பேச்சுக்கு யாராவது அர்த்தம் எடுப்பார்களா? இவர் எடுத்தார். பாய், டிரான்சிஸ்டர், இரண்டு வேட்டி, மண்ணெண்ணெய் ஸ்டவ், எல்லாவற்றையும் கட்டினார். கலெக்டரைத் தோளில் தூக்கிக்கொண்டார். தெரு பார்க்க நடந்தார். வழக்கமாகத் தெப்பத்துக்கு ராத்திரிக் காவலுக்கு ஆள் போடுவார்கள், கயிறும் பலகையும் காணாமல் போய்விடும் என்று. இந்த வருஷம் காவலுக்குத் தானே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

இரண்டு நாளில் வந்துவிடுவார் என்று இருந்தேன். வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. குளத்தில் துணி துவைக்கப் போகிற பெண்கள் சேதி கொண்டுவந்தார்கள். “உன் வூட்டுக்காரரு தண்ணி மேல ஜம்முனு இருக்காரு பாஞ்சாலை. இன்னைக்கு ரசம் வெச்சாரு, வாசனை படிக்கட்டு வரைக்கும் வருது.” அதைக் கேட்டு எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. என் வீட்டில் பதினெட்டு வருஷமாக ஒரு வெந்நீர் வைத்தறியாத மனுஷர்.

போய்ப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். காய்கறி வாங்கப் போகிற சாக்கில் குளக்கரை வழியாகப் போனேன். மண்டபத்துக்கு இன்னும் துணி கட்டவில்லை, வெறும் சட்டம்தான் நின்றது. இரண்டு மூங்கிலுக்கு நடுவே கொடி கட்டி வேட்டி உலர்த்தியிருந்தார். ஒரு பக்கம் தார்ப்பாய் கூரை. அதன் கீழே ஸ்டவ், ஒரு சட்டி, கவிழ்த்து வைத்த டம்ளர். டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருந்தது. சாமி ஏறுகிற வரைக்கும் தெப்பம் வெறும் டிரம்மும் மூங்கிலும்தான், அதில் ரசம் வைத்தால் குற்றமில்லை என்பது அவர் கட்சி. கரையிலிருந்து தெப்பத்துக்குப் போட்டிருந்த பலகையில் கலெக்டர் நடந்து வந்தது. தண்ணீரைப் பார்த்து முதலில் நடுங்கியதாம், இப்போது ஆபீசுக்குப் போய் வருகிற மாதிரி போய் வந்துகொண்டிருந்தது. படிக்கட்டில் நின்ற என்னைப் பார்த்தது. தெரிந்தவள்தான் என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டது. இவர் அன்றைக்கு என்னைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்தார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. அவ்வளவு சின்ன இடத்தில் அவ்வளவு ஒழுங்காக ஒரு வீடு. அதில் நான் இல்லை.

அந்த வாரம் மறுபடி மழை பிடித்தது. ஊதற்காற்று. இவருக்கு ஈரம் ஆகாது, நெஞ்சில் சளி கட்டும். கம்பளியை எடுத்துக்கொண்டு சாயங்காலம் போனேன். பலகையில் கால் வைத்ததும் எனக்குத் தலை சுற்றியது. இவர் கையை நீட்டினார். பிடிக்காமல் ஏறப் பார்த்தேன், முடியவில்லை, பிடித்துக்கொண்டேன்.

“உக்காரு. நடுவுல உக்காந்தா ஆடாது.”

உட்கார்ந்தேன். அடியில் தண்ணீர் டிரம்களை மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தது. காபி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை ஜாஸ்தி, ஆனால் நன்றாக இருந்தது. அதைச் சொல்லவில்லை. கலெக்டர் என் மடியில் ஏறி இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்தது. கனமாக இருந்தது.

“இன்னா இது, இப்பிடி ஊதிப் போயிருக்குது?”

“குளத்து மீனு. ராத்திரியில புடிக்கறான், திருட்டுப் பையன்.” இவருக்குப் பெருமை தாங்கவில்லை. “நான் சொல்லிப் பாத்துட்டேன், கோயில் மீனுடான்னு. கேக்க மாட்டேங்கறான்.”

மழை தார்ப்பாயில் அடித்தது. இரண்டு பேரும் வெகுநேரம் பேசவில்லை. அந்த மாதிரிப் பேசாமல் உட்கார்ந்து எத்தனையோ நாளாகிவிட்டது. வீட்டில் பேசாமலிருந்தால் அது சண்டை. அங்கே சண்டையாகத் தெரியவில்லை.

“வூட்டுக்கு வாங்க” என்று சொல்ல வாய் வந்தது. “கம்பளி நனையாம பாத்துக்குங்க” என்று சொன்னேன்.

அவரே தொடங்கினார். “பாஞ்சாலை, ஒரே ஒரு வார்த்தை சொல்லு. இது நம்ம வூட்டுப் பூனைனு சொல்லு. இன்னைக்கே பாயைச் சுருட்டிக்கினு வந்துடறேன்.”

“நான் ஏன் சொல்லணும்? அதுக்கு என்ன ரேஷன் கார்டுல பேரா இருக்குது?”

“அப்பிடின்னா நான் இங்கியே இருக்கறேன்.”

“இருங்களேன்.”

வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். மழை பெய்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் எனக்கு நாக்கு வளையாது. என் கூடப் பிறந்த வியாதி அது.

தீபம் வந்தது. ஊர் கொள்ளாத ஜனம். இவர் ஒரு வாய் சாப்பிடக்கூட வீட்டுப் பக்கம் வரவில்லை, மண்டபத்துக்குத் துணியும் விளக்கும் கட்டுகிற வேலை. அகல் விளக்குகளை நான் தனியாகவே ஏற்றினேன்.

மறுநாள் காலையில் என் தம்பி ஆதிமூலம் மூச்சிரைக்க வந்து நின்றான். அவனும் தெப்பத்தில் இவரோடு கழி தள்ளுகிறவன்.

“அக்கா, கலெக்டர் குட்டி போட்டுச்சு.”

“கலெக்டரா? அது கடுவன் இல்லியாடா?”

“எல்லாரும் அப்பிடித்தான் நெனச்சோம். மூணு குட்டிக்கா. சாமி உக்கார்ற பீடத்துக்குப் பக்கத்துல, பட்டுத் துணி மேலயே. சடையன் பாத்துட்டான். குருக்களைக் கூட்டியாந்துட்டான். நீ சீக்கிரம் வா.”

சடையன் இவருக்குப் பங்காளி, சித்தப்பா மகன். முன்கழி மேல் அவனுக்கு எப்போதும் ஒரு கண். நான் போய்ச் சேரும்போது படிக்கட்டு முழுக்கக் கூட்டம். குருக்கள் கரையில் நின்றுகொண்டிருந்தார். இவர் தெப்பத்தில் கலெக்டருக்குக் காவல் மாதிரி குந்தியிருந்தார். சடையன் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

“பொறப்புத் தீட்டு தீட்டுதானே சாமி. பூனை இவன் வளர்த்தது. இவன் வூட்ல ஒரு பொறப்பு நடந்தா இவன் தெப்பத்துல கை வெக்கலாமா? சாயங்காலம் சாமி ஏறணும். நான் ஊருக்காகத்தான் சொல்றேன்.”

குருக்கள் நெற்றியைத் தேய்த்தார். பாவம், தீபத்துக்கு ராத்திரியெல்லாம் தூங்காதவர். “ஆட்டுக்கு மாட்டுக்கு என்னமோ சொல்லுவா. பூனைக்கு நான் எங்கேயும் படிச்சதில்லையே” என்றார். கொஞ்சம் யோசித்தார். “இப்படி வெச்சுக்கலாம். தெருவுல திரியற பூனைன்னா தீட்டே கிடையாது. இடத்தைக் கழுவி, தண்ணி தெளிச்சு, துணியை மாத்தினா சரியாப் போச்சு. வீட்டுல வெச்சு வளர்த்ததுன்னா, தெப்பத்துக்குத் தோஷமில்லை, ஆனா அந்த வீட்டுக்காரா இந்த வருஷம் ஒதுங்கிக்கட்டும். அருணகிரி, இது யாராத்துப் பூனை?”

எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். இவர் என்னைப் பார்த்தார்.

“அதை என் வூட்டுக்காரியத்தான் கேக்கணும் சாமி. வூடு அவளுது.”

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. குலாம் ரசூல் எனக்குப் பின்னால் வந்து நின்று காதோடு சொன்னார். “அண்ணி, தெருப் பூனைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்கதான் எப்பவும் சொல்றதாச்சே. காரியம் முடிஞ்சுது.” என் தம்பியும் கண்ணால் அதையே சொன்னான்.

சொல்வது சுலபம்தான். சொன்னால் முன்கழி இவர் கையில் நிற்கும். ஆனால் இவர் வீட்டுக்கு வர மாட்டார். வந்தாலும் பாதி மனுஷராகத்தான் வருவார். நம் வீட்டுப் பூனை என்று சொன்னால் வீட்டுக்கு வருவார், அப்பா கொடுத்த கழியைப் பங்காளியிடம் விட்டுவிட்டு. இவர் முகத்தைப் பார்த்தேன், எதைச் சொல்லச் சொல்கிறது என்று. கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. நான் எதைச் சொன்னாலும் சரி என்று உட்கார்ந்திருந்தார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதை இவ்வளவு நேரம் சொல்லாமல் வந்தேன், ஏனென்றால் சொன்னதும் எல்லோரும் ஒரு மாதிரி ‘ச்சு’ கொட்டுவார்கள், அது எனக்குப் பிடிக்காது. எங்கள் வீட்டுக்குச் சாவுத் தீட்டு வந்திருக்கிறது. பிள்ளைத் தீட்டும் வந்திருக்கிறது, ஆனால் எல்லாம் சடையன் வீட்டுத் தீட்டு. அவனுக்கு ஐந்து பிள்ளைகள். ஒவ்வொன்று பிறக்கும்போதும் பங்காளி வீடு என்று எங்களுக்கும் சொல்லியனுப்புவான், நாங்களும் கோயிலுக்குப் போகாமல் பத்து நாள் தீட்டுக் காப்போம். நல்லவேளை, ஒன்றும் கார்த்திகையில் பிறக்கவில்லை. அவன் வீட்டில் தொட்டில் ஆடும், எங்கள் வீட்டில் விளக்கு ஏறாது. அப்படி ஐந்து தடவை.

தெப்பத்தைப் பார்த்தேன். நான் கொடுத்த கம்பளியை மடித்துப் போட்டு அதன் மேல் குட்டிகளை வைத்திருந்தார். கண் திறக்காத மூன்று. கலெக்டர் அவற்றை நக்கிக்கொண்டே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. களைத்துப் போயிருந்தது. வயிற்றில் குட்டிகளோடு இருந்ததன் மேலா கரண்டியை வீசினேன் என்று நினைத்துக்கொண்டேன்.

“எங்க வூட்டுப் பூனைதான் சாமி” என்றேன். “எங்க வூட்லதான் பொறந்திருக்குதுங்க. தீட்டு எங்களுக்குத்தான்.”

குலாம் ரசூல் தலையில் கை வைத்துக்கொண்டார். இவர் எழுந்து நின்றார். சடையன் துண்டை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு பலகைப் பக்கம் நகர்ந்தான், கழியை எடுக்க.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. முன்கூட்டியே திட்டம் போட்டுச் சொன்னாள் என்று ஊரில் இன்றைக்கும் பேசுகிறார்கள். சத்தியமாக இல்லை. அவன் காலைத் தூக்கிப் பலகையில் வைக்கப் போனதைப் பார்த்தபிறகுதான் தோன்றியது.

“சாமி, சடையன் கொழுந்தனாரும் பங்காளிதானே? அவரு வூட்டுப் பொறப்புக்கெல்லாம் நாங்க தீட்டு காத்திருக்கறோம். எங்க வூட்டுப் பொறப்புக்கு அவரு காக்க வேணாங்களா?”

சடையன் தூக்கின காலோடு நின்றான். “பூனை குட்டி போட்டதுக்கு நான் தீட்டு காக்கணுமா? நல்லா இருக்குதே கதை.”

குருக்கள் அவனைப் பார்த்தார். “தீட்டுன்னு ஆரம்பிச்சது நீதானேப்பா. உங்க அண்ணனுக்கு உண்டுன்னா உனக்கும் உண்டு. இறங்கு, இறங்கு.”

படிக்கட்டில் ஒருத்தர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பெண் கொடுத்த வீட்டாருக்குத் தீட்டு இல்லை, அதனால் என் தம்பி ஆதிமூலம் கையில் முன்கழி போனது. அவன் என்னைத் திட்டிக்கொண்டேதான் வாங்கினான். இவர் அவன் தோளைத் தட்டி, “வடக்கு மூலையில சேறு ஜாஸ்தி, கழியை ஆழமா ஊணாதே” என்று மட்டும் சொன்னார். பிறகு குட்டிகளைக் கம்பளியோடு அள்ளி மார்பில் அணைத்துக்கொண்டு கரைக்கு வந்தார். கலெக்டர் அவர் காலடியைச் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டே வந்தது. நான் ஸ்டவ்வையும் டிரான்சிஸ்டரையும் தூக்கிக்கொண்டேன்.

வாசலுக்கு வந்ததும், “கழி போச்சேன்னு வருத்தமா?” என்று கேட்டேன்.

“வருத்தம்தான்” என்றார். மறைக்கத் தெரியாத மனுஷர். “எங்கப்பா போனதுக்கப்புறம் ஒரு வருஷம் விட்டதில்ல.” கொஞ்சம் நின்று, “நீ தெருப் பூனைன்னுதான் சொல்லுவேன்னு நெனச்சேன்” என்றார்.

“நானும் அப்பிடித்தான் நெனச்சேன்” என்றேன்.

சாயங்காலம் குலாம் ரசூல் வந்தார். ஒரு பொட்டலம் சர்க்கரையும் கல்கண்டும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சும்மா வரக்கூடாதாம். சொல்லிவிட்டுக் கிண்டலாகச் சிரிக்கப் பார்த்தார், ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை அவருக்கு. “குளத்துல எறங்கத்தானே கூடாது? எங்க குடோன் மொட்டை மாடிக்குத் தீட்டு கெடையாது. வாங்க ரெண்டு பேரும்.”

போனோம். மலை உச்சியில் தீபம் எரிந்துகொண்டிருந்தது. கீழே குளத்தைச் சுற்றி ஒரு அங்குலம் விடாமல் தலைகள். நாதஸ்வரம் தொடங்கியது, தெப்பம் கரையை விட்டு நகர்ந்தது. இவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, “தள்ளு... தள்ளுடா... பின்கழி எங்க போனான்... சாயுது பாரு” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அவர் தோள் இரண்டும் கழி தள்ளுகிற மாதிரியே அசைந்தன. வடக்கு மூலையில் தெப்பம் ஒரு நொடி தயங்கியபோது மூச்சை அடக்கிக்கொண்டார். ஆதிமூலம் சமாளித்துத் திருப்பினான்.

தெப்பம் எங்களுக்கு நேராக வந்தது. விளக்கெல்லாம் தண்ணீரில் இன்னொரு தடவை எரிந்தது. சாமி அசைந்து அசைந்து வந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். மனுஷர் வாயைத் திறந்தபடி நின்றார்.

“இப்பிடியா இருக்கும் இது?” என்றார். “எனக்குத் தண்ணியும் மூங்கிலும்தான் தெரியும். இத்தனை வருஷம் முதுகைக் காட்டிக்கினே நின்னுட்டேன்.”

“எப்பவும் இப்பிடித்தான் இருக்கும்” என்றேன். “நான் ஒவ்வொரு வருஷமும் கூட்டத்துல நசுங்கிக்கினு ஒண்டியா நின்னு பாத்திருக்கறேன். இதோ பாரு, அங்க பாருன்னு சொல்லப் பக்கத்துல ஆள் இருந்ததில்ல.”

இவர் நகர்ந்து வந்து என் பக்கத்தில் நின்றார். இருட்டில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். குலாம் ரசூல் பார்த்தார், பார்த்துவிட்டு வேண்டுமென்றே மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். தெப்பம் இரண்டாவது சுற்றுக்குத் திரும்பியது. அது திரும்பி முடிகிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இவர் மெல்லக் கேட்டார்.

“அடுத்த வருஷமும் இது குட்டி போடுமா, பாஞ்சாலை?”

“போடும்” என்றேன்.